பாறை நசுக்கிய கையும் பொறுமையான கத்தியும்

காயத்தை ஆற்றுவது உடம்பு. அதன் வேலைக்குக் குறுக்கே நிற்காமலிருக்க அறுவை மருத்துவம் 150 ஆண்டுகளாகக் கற்ற பாடங்கள், சாம்பியன் ரீப்ஸ் போன்ற ஊர்களுக்கு இன்றும் தேவைப்படுகின்றன.

சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளியின் சொத்து இரண்டே இரண்டு: கைகள், நுரையீரல். கோலார் தங்க வயலின் இந்தப் பகுதியில் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே கிடக்கும் மலையின் பாரம் தாங்காமல் பக்கச் சுவர் சில நேரம் பீரங்கி போல வெடிக்கும். 'பாறை வெடிப்பு' என்ற அந்த ஆபத்தை ஆராயவே 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. பாறை வெடித்தால் உயிர் போகலாம். உயிர் தப்பியவருக்கு மிஞ்சுவது நசுங்கிய கையோ, எலும்பு வெளியே தெரியும் காலோ.

இதற்கெல்லாம் ஈடு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள். 1880ல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய வேலை, 1956ல் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1972ல் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சாம்பியன் ரீப்ஸில் இருந்த கம்பெனி ஆஸ்பத்திரியும் அதோடு முடங்கியது. ஆனால் காயங்கள் முடங்கவில்லை. இடம் மாறின, அவ்வளவுதான்.

வெட்டு வேறு, நசுக்கல் வேறு

கூரான கத்தி வெட்டினால் வெட்டுப்பட்ட வரிசையில் இருக்கும் செல்கள் மட்டும் சாகின்றன. இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் ஒரு வாரத்தில் தோல் மூடிவிடும். பாறை நசுக்கினால் கதை வேறு. காயத்தைச் சுற்றியுள்ள தசை, மேலே தோல் முழுசாக இருந்தாலும், உள்ளே ரத்த ஓட்டம் இழந்து சாகத் தொடங்கும். செத்த சதை கிருமிகளுக்கு விருந்து. அதில் மண்ணும் சேர்ந்தால் பிராணவாயு இல்லாத இடத்தில் வளரும் கிருமிகள் குடியேறும். ஒரே நாளில் காலையும் உயிரையும் கொண்டுபோகும் வாயு அழுகல் நோய் அப்படி வருவதுதான்.

இதனால்தான் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் காலை வெட்டிவிடுவதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பாதுகாப்பான வழியாகக் கருதப்பட்டது. அதை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுச் சிறுவனின் முறிந்த காலில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. கால் பிழைத்தது. 1867ல் அவர் வெளியிட்ட முடிவுகள் அறுவை மருத்துவத்தின் போக்கையே திருப்பின.

ஆனால் கிருமியைக் கொல்வது பாதி வேலைதான். மீதிப் பாதியை முதல் உலகப் போர் சொல்லிக்கொடுத்தது. குண்டடிபட்ட காயத்தை அவசரமாகத் தைத்து மூடியவர்கள் நோயாளிகளை இழந்தார்கள். செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, காயத்தைத் திறந்தே வைத்திருந்து, சில நாள் கழித்துத் தைத்தவர்கள் காப்பாற்றினார்கள். இன்றும் விபத்துப் பிரிவு வாசலில் நிற்கும் உறவினர்கள், "ஏன் இன்னும் தையல் போடவில்லை?" என்று கேட்பதுண்டு. பல நேரங்களில் தைக்காமல் விடுவதுதான் சிகிச்சை.

மென்மைக்கு இலக்கணம்

கத்தி பிடிக்கும் கைக்கு ஓர் ஒழுக்கம் வகுத்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டட். மயக்க மருந்து வருவதற்கு முன் வேகமே திறமையாக இருந்தது. நோயாளி துடிக்கும்போது இரண்டு நிமிடத்தில் காலை அறுப்பவர்தான் கெட்டிக்காரர். மயக்க மருந்து வந்த பிறகும் அந்த வேகம் பழக்கமாகவே தொடர்ந்தது. ஹால்ஸ்டட் நிதானத்தைக் கொண்டுவந்தார். திசுவை இடுக்கியால் நசுக்காதே. ரத்தக் கசிவை ஒவ்வொன்றாக நிறுத்து. ரத்தம் வரும் வழியைக் கெடுக்காதே. உள்ளே வெற்றிடம் விடாதே. தையலை இழுத்துக் கட்டாதே. இவைதான் அவர் சொன்னவற்றின் சாரம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உள்ளே தேங்கும் ரத்தம் கிருமிகளுக்கு உணவு. இறுக்கிய தையல் ஓரங்களின் ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். மின்சாரத்தால் ரத்தக் குழாயைச் சுடும் கருவியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அதைச் சுற்றியுள்ள சதையும் வெந்து சாகும். காயத்தை அகட்டிப் பிடிக்கும் கொக்கியை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இழுத்து வைத்தாலும் இதே கதிதான்.

உடம்பு ஆறும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதலில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்கள் குப்பை கூட்டுகின்றன. பிறகு புதிய ரத்தக் குழாய்களும் கொலாஜன் என்ற நாரும் வளர்கின்றன. அதன் பின் மாதக்கணக்கில் அந்த நார் சீரமைக்கப்படுகிறது. மூன்று வாரத்தில் காயத்துக்குப் பழைய தோலின் வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. முழுதாக ஆறிய பிறகும் சுமார் 80 சதவீதம்தான். குப்பை அதிகமானால் கூட்டும் வேலை நீளும். தழும்பு பெருக்கும்.

வேலூரில் கிடைத்த விடை

தழும்பு எவ்வளவு பெரிய எதிரி என்பதைக் கையில் ஆபரேஷன் செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். விரலை மடக்கி நீட்டும் தசைநாண் அதன் உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். சுற்றிலும் தழும்பு ஒட்டிக்கொண்டால் தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விரல் மரக்கட்டைதான்.

தங்க வயலிலிருந்து அதிக தூரமில்லாத வேலூரில் இந்தப் பாடம் உலகத்துக்கே பயன்படும் வகையில் எழுதப்பட்டது. கொல்லிமலையில் 1914ல் பிறந்த ஆங்கிலேய சர்ஜன் பால் பிராண்ட், 1946ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் கொக்கி போல மடங்கியவர்களைப் பார்த்தார். தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை', அதில் கத்தி வைத்தால் ஆறாது என்று அப்போது பரவலாக நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டும் ஆபரேஷனை 1940களின் இறுதியில் அவர்களுக்குச் செய்யத் தொடங்கினார். காயம் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. விரல்கள் நிமிர்ந்தன.

அவர் கண்டறிந்த இன்னொரு உண்மை இதைவிடப் பெரியது. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணான காலிலேயே நடக்கிறார்கள். புண்ணுக்கு மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம் என்று கண்ட பிராண்ட், பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பினார். ஆறாத புண்கள் ஆறின. 1966ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு இதே முறையைச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் பரப்பினார். இன்று உலகெங்கும் அது ஏற்கப்பட்ட சிகிச்சை.

தழும்பின் இன்னொரு முகத்தைத் தங்க வயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிகிறது. உடம்பு அதைக் காயமாக நினைத்து ஆற்ற முயல்கிறது. தூசு கரைவதில்லை. ஆற்றும் வேலையும் நிற்பதில்லை. கடைசியில் நுரையீரலே தழும்பாகிவிடுகிறது. 1940 முதல் 1946வரை கோலார் சுரங்கங்களில் 7,653 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. அப்படிப்பட்டவர் ஆபரேஷன் மேஜையில் படுத்தால் மயக்க மருந்தும் ஆபத்து, காயத்துக்குப் போக வேண்டிய பிராணவாயுவும் குறைவு.

வெட்டலாமா, காப்பாற்றலாமா?

நசுங்கிய காலை எப்போது காப்பாற்ற முயல வேண்டும், எப்போது எடுத்துவிட வேண்டும்? சுரங்க ஊர்களை நெடுநாள் வதைத்த கேள்வி இது. காப்பாற்றப் போய் ஆறு மாதம், ஏழு ஆபரேஷன், கடன் என்று அலைந்து முடிவில் வெட்டினால் குடும்பமே நொடிந்துவிடும். அவசரப்பட்டு வெட்டினால் பிழைத்திருக்கக்கூடிய கால் போய்விடும்.

இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது கோயமுத்தூர் கங்கா மருத்துவமனை. அங்கே எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் சேதத்தின் அளவுக்கேற்ப 1 முதல் 5வரை மதிப்பெண். வயது, சர்க்கரை நோய், தாமதமாக வந்தது போன்ற ஒவ்வொரு பாதகத்துக்கும் கூடுதலாக 2. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் வெட்டுவதே நல்லது. இடைப்பட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு. 109 நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்ட இந்த முறைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அனுபவமுள்ள கண்ணும் முதல் ஆபரேஷனில் காட்டும் பொறுமையும் போதும். எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளிலேயே சேர்ந்து பார்த்து, செத்ததை நீக்கி, எலும்பை நிறுத்தி, ரத்த ஓட்டமுள்ள சதையால் சீக்கிரம் மூடுவது அந்த மருத்துவமனையின் வழி.

வெட்டைச் சிறிதாக்குவது இன்னொரு வழி. 1990ல் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா மும்பையில் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்தபோது இந்தியாவில் அது முதல் முறை. சாணளவு வெட்டுக்குப் பதில் சில சிறு துளைகள். வலி குறைவு, படுக்கை நாட்கள் குறைவு. தினக்கூலிக்காரருக்கு இதன் அர்த்தம் சம்பளம்.

செலவில்லாத சிகிச்சைகள்

காயம் ஆறுவதற்கு உதவும் சில வழிகளுக்குப் பைசா செலவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆபரேஷனுக்கு முந்தின இரவே பிளேடால் முடியை மழிப்பது நம் ஆஸ்பத்திரிகளில் நெடுநாள் வழக்கம். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கிக் கிருமிக்குக் கதவு திறக்கிறது. மழிக்கவே கூடாது, தேவையானால் கத்தரிக்கும் கருவியால் குறைத்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி. கிருமிக்கொல்லி ஊசியை வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். முடிந்த பிறகு தடுப்புக்காக நாள்கணக்கில் நீட்டத் தேவையில்லை.

குளிரும் எதிரிதான். மயக்கத்தில் உடல் வெப்பம் இறங்குகிறது, தோலுக்கு ரத்தம் குறைகிறது. 1996ல் வெளியான ஆய்வில், குடல் ஆபரேஷனின்போது உடல் குளிர்ந்துபோனவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் கிருமி தொற்றியது. கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம்தான். ஒரு போர்வை செய்யும் வேலை இது.

நோயாளியின் பங்கும் உண்டு. நாள் குறித்த ஆபரேஷன் என்றால் நான்கு வாரத்துக்கு முன்பே பீடியை நிறுத்த வேண்டும். புகை, ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தைப் பட்டினி போடுகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேர வேண்டும். 'புண் சீழ் பிடிக்கும்' என்று பத்தியம் போட்டுக் கஞ்சி மட்டும் கொடுப்பது கொலாஜனுக்கு வேண்டிய செங்கல்லை நிறுத்திவைப்பது போல.

ரயிலில் போகும் ஊர்

சுரங்கம் மூடிய பிறகு தங்க வயலில் ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர். பாறைக்குப் பதில் இப்போது பிரஸ் மெஷின், மர அறுவை, கட்டடச் சாரம். விரல் துண்டானால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருப்பது நல்லது: காயத்தின் மேல் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்துக் கட்ட வேண்டும். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். துண்டை நேராக ஐஸில் போட்டால் உறைந்து செத்துவிடும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். தாமதமின்றிக் கிளம்ப வேண்டும்.

கிளம்பிப் போக எது பக்கம் என்பதுதான் ஊரின் கேள்வி. சாம்பியன் ரீப்ஸின் பழைய ஆஸ்பத்திரியை, ஏறத்தாழ 20 ஆண்டு பூட்டிக் கிடந்த பிறகு, 2021ல் தொண்டர்கள் சேர்ந்து கூட்டிப் பெருக்கிக் கோவிட் நோயாளிகளுக்காகத் திறந்தார்கள். மனமிருந்தால் சில வாரத்தில் கட்டில் போட முடியும் என்று அந்தக் கட்டடம் நிரூபித்தது. நசுங்கிய கைக்கு முதல் சில மணி நேரத்தில் தேவைப்படுவது பெரிய இயந்திரம் அல்ல. காயத்தைக் கழுவி, செத்ததை நீக்கி, உயிருள்ளதைக் காத்து, அவசரப்பட்டுத் தைக்காமல் விடத் தெரிந்த ஒரு சர்ஜன். 120 ஆண்டுகள் பூமிக்கடியில் கைகளைக் கொடுத்த ஊர், அப்படி ஒருவரை உள்ளூரிலேயே கேட்பது பேராசை ஆகாது.