எல்பே மணற்கல் மலைகளில் மிதிவண்டிப் பயணம்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலும் செக் குடியரசின் வடபகுதியிலுமாகப் பரந்து கிடக்கும் எல்பே மணற்கல் மலைகள், உயரத்தை மட்டும் பார்த்தால் அச்சுறுத்துபவை அல்ல. அவற்றின் மிக உயர்ந்த முகடான தியெச்சீன்ஸ்கி ஸ்னியெஷ்னீக்கின் உயரமே 723 மீட்டர்தான். ஆயினும் சுமையேற்றிய மிதிவண்டியுடன் இப்பகுதியைச் சில நாட்களில் சுற்றிவர எண்ணுவோர் கிலோமீட்டர்களை மட்டும் கூட்டிப் பார்த்துத் திட்டமிட்டால், தொடங்கிய மறுநாளே உடல் ஓய்ந்துபோகும். அதற்கான காரணம் பாறையின் அமைப்பில் இருப்பதால், இங்கே பயணத் திட்டத்தை நிலவியலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரெட்டேசியஸ் எனப்படும் நிலவியல் காலத்தில், இப்பகுதியை ஆழமற்ற கடல் மூடியிருந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய குவார்ட்ஸ் மணல் அந்தக் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகி, பல நூறு மீட்டர் தடிமனுள்ள மணற்கல்லாயிற்று. பின்னர் கடல் விலகி நிலம் உயர்ந்தபோது பாறையில் செங்குத்தான வெடிப்புகள் தோன்றின. அவை கிடைமட்டமான படிவ அடுக்குகளை வெட்டிச் சென்றதால் மலை முழுவதும் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்போல ஆகிவிட, எல்பே ஆறும் அதன் துணையாறுகளும் அந்த வெடிப்புகளின் வழியே ஆழமாக அறுத்து இறங்கின. அறுபட்டதுபோக எஞ்சியவையே இன்று காணப்படும் தட்டையான உச்சிகொண்ட மேசைமலைகளும், தனித்து நிற்கும் கற்றூண்களும், இயற்கை வளைவுகளும். செக் பக்கத்தில் உள்ள பிராவ்சிட்ஸ்கா பிரானா வளைவு 26.5 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் கொண்டது. ஐரோப்பாவின் மிகப்பெரிய இயற்கை மணற்கல் வளைவாகிய அதன் மீது நடப்பது, தேய்மானம் கருதி 1982 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

இந்த வரலாறு நிலத்தை மூன்று தளங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் ஆற்றங்கரையும், அதற்கு மேலே வயல்களும் சிற்றூர்களும் அமைந்த சமதளங்களும், அவற்றுக்கும் மேலே மேசைமலைகளும் இருக்கின்றன. ஆற்றை ஒட்டிச் செல்லும் எல்பே மிதிவண்டிப் பாதையில் பிர்னா நகரிலிருந்து செக் நகரமான தியெச்சீன் வரையுள்ள சுமார் 45 கிலோமீட்டரைப் புதிதாக மிதிவண்டி ஓட்டுபவரும் அரை நாளில் கடந்துவிடலாம். ஆற்றை விட்டு விலகிய உடனே கணக்கு மாறுகிறது: தியெச்சீனிலிருந்து ஸ்னியெஷ்னீக் உச்சிக்கு ஏறத்தாழ 590 மீட்டர் ஏற வேண்டும், ஒரு சமதளத்திலிருந்து கண்ணெதிரே தெரியும் அடுத்த சமதளத்துக்குச் செல்லவும் இடையிலுள்ள பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மீண்டும் ஏற வேண்டும். எனவே ஒவ்வொரு நாளுக்கும் தொலைவோடு மொத்த ஏற்றத்தையும் மீட்டரில் குறித்துக்கொண்டு, ஏற்றம் மிகுந்த நாளில் தொலைவைத் தயங்காமல் பாதியாகக் குறைப்பதே அறிவுடைமை.

சவாலும் அழகும் சேர்ந்த சுற்று ஒன்றை இவ்வாறு அமைக்கலாம். பிர்னாவிலிருந்து ஆற்றோரமாக பாட் ஷாண்டாவ் சென்று, அங்கிருந்து கிர்னிட்ச் ஓடையின் பள்ளத்தாக்கில் ஏறி, ஹின்டர்ஹெர்ம்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரைக் கடந்து செக் பகுதிக்குள் நுழைந்து, கியோவ் பள்ளத்தாக்கு, யெட்ரிஹோவிட்செ வழியாகத் தியெச்சீனில் இறங்கலாம். பிறகு ஸ்னியெஷ்னீக் ஏறி, பாறைச் சந்துகளுக்குப் பெயர்பெற்ற தீசாவைக் கண்டு, பீலா பள்ளத்தாக்கின் வழியே மீண்டும் எல்பே கரையிலுள்ள கோனிக்ஸ்டைனை அடையலாம். தீசாவின் சந்துகளுக்குள்ளும், ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே நிற்கும் பாஸ்டை பாறைகளில் 1851இல் கட்டப்பட்ட கற்பாலத்திலும் நடந்து மட்டுமே செல்ல முடியுமாதலால், வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு நடப்பதற்கான நேரத்தையும் திட்டத்தில் ஒதுக்க வேண்டும்.

வழியில் காடு மாறிக்கொண்டே வருவதைக் கவனிப்பவருக்கு இப்பயணம் இருமடங்கு பயன் தரும். வறண்ட பாறை விளிம்புகளில் பைன் மரங்களும், குளிர்ந்த காற்று தேங்கி நிற்பதால் கோடையிலும் ஈரமாக இருக்கும் பள்ளத்தாக்குகளில் ஸ்ப்ரூஸ் மரங்களும், எரிமலைக் குழம்பு மணற்கல்லைத் துளைத்து மேலெழுந்து பசால்ட் பாறையாக உறைந்த குன்றுகளில் பீச் மரங்களும் வளர்கின்றன. மர வணிகத்துக்காக ஒரே இனமாக நடப்பட்ட ஸ்ப்ரூஸ் காடுகளே இன்று பெரும் துயரத்துக்கு உள்ளாகியிருக்கின்றன; 2018இல் தொடங்கிய வறட்சியால் வலுவிழந்த மரங்களைப் பட்டைத்துளைப்பான் வண்டுகள் பெருமளவில் கொன்றன, 2022 ஜூலையில் செக் பகுதியில் மூண்ட தீ 1,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை எரித்தது. காய்ந்து நிற்கும் மரங்கள் முன்னறிவிப்பின்றி விழக்கூடியவை என்பதால் பல பாதைகள் மூடப்பட்டன. புறப்படுவதற்கு முன் இரு நாடுகளின் தேசியப் பூங்கா நிர்வாகங்களும் வெளியிடும் அறிவிப்புகளைப் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் நம்பிச் செல்வது ஆபத்தானது. 1990இல் ஜெர்மனியிலும் 2000இல் செக் குடியரசிலும் நிறுவப்பட்ட இந்தப் பூங்காக்களில் குறியிட்ட மிதிவண்டிப் பாதைகளில் மட்டுமே ஓட்டலாம், விருப்பப்பட்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே இரவுத் தங்கலை முன்கூட்டியே ஊர்களில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, காட்டுப் பாதைகளின் மணலில் புதையாதிருக்க 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களும், முன்பற்சக்கரத்தைவிடப் பின்பற்சக்கரத்தில் பற்கள் மிகுந்த தாழ்ந்த கியரும் தேவை. மழைக்குப் பின் செயினிலும் பிரேக்கிலும் ஒட்டும் குவார்ட்ஸ் மணல் உலோகத்தையே அராவக்கூடிய அளவு கடினமானது. அன்றாடம் மாலையில் செயினைத் துடைத்து எண்ணெயிடுவதும், மாற்று பிரேக் கட்டைகளைக் கையில் வைத்திருப்பதும் இங்கே தவிர்க்க முடியாதவை. நனைந்த மணற்கல் தன் வலிமையை இழந்துவிடுவதால் மழைக்குப் பின் பாறையேறிகளே அதைத் தொடுவதில்லை. மிதிவண்டி ஓட்டுவோரும் பாறைத் தளங்களின்மேல் சக்கரத்தை உருட்டாமல் இருப்பதே அந்தப் பாறைக்குச் செய்யும் மரியாதை.

மூடப்பட்ட பாதையோ பழுதான வண்டியோ திட்டத்தைக் குலைத்தாலும் இப்பகுதியில் கைவிடப்பட்ட நிலை ஏற்படுவதில்லை. எல்பே பள்ளத்தாக்கு நெடுகிலும் ட்ரெஸ்டனிலிருந்து எல்லையைத் தாண்டித் தியெச்சீன் வரை இரயில் பாதை செல்கிறது, புறநகர் இரயில்களில் மிதிவண்டியையும் ஏற்றிச் செல்லலாம், ஆற்றைக் கடக்கப் பல இடங்களில் படகுத்துறைகள் உண்டு; எந்தச் சமதளத்திலிருந்தும் ஆற்றங்கரைக்கு இறங்கும் மிக அருகிலுள்ள சாலையை ஒவ்வொரு நாளின் வரைபடத்திலும் முன்கூட்டியே குறித்து வைத்தால் போதும்.