தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகும் குழந்தை

எங்கள் தெருவில் மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி. ப்ரீ கே.ஜி.யில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காலையில் தண்ணீரே வேண்டாம் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள். மடியில் வைத்து மெல்லக் கேட்ட பாட்டியிடம்தான் விஷயம் வெளியே வந்தது. "ஒண்ணுக்கு வந்தா மிஸ் திட்டுவாங்க அம்மாச்சி." அந்த வகுப்பில் அடியில்லை, கிள்ளலில்லை. இடைவேளைக்கு முன்னால் கழிவறைக்கு விடமாட்டார்கள். உடையை நனைத்துவிட்டால் ஈரத்தோடு எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். இதைத் தவறு என்று சொல்லலாமா என்பதே அந்த வீட்டில் முதலில் யாருக்கும் தெரியவில்லை.

சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும்.

மருத்துவர் நெறி தவறினால் மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில். பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. மழலையர் ஆசிரியருக்கு அப்படியொரு பதிவு மன்றம் நம் நாட்டில் கிடையாது. நோயாளி வாய் திறந்து முறையிடுவார், கட்சிக்காரர் புகார் எழுதுவார். மூன்று வயதுப் பிள்ளைக்கோ நேற்று எது, போன வாரம் எது என்பதே பிடிபடாது. தனக்கு நடந்தது அநியாயம் என்று தெரியாது; பள்ளிக்கூடம் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். தொழில் ஒழுக்கம் வேறெந்த வேலையைவிடவும் இங்கே அதிகமாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பள்ளியில் தண்டனை கூடாது என்று சொல்ல எல்லோரும் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டுவார்கள். 2009-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் அது 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. ப்ரீ கே.ஜி., எல்.கே.ஜி. பிள்ளைகள் அதற்குள் நேரடியாக வருவதில்லை. அவர்களுக்குக் கைகொடுப்பது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ உண்டாக்கும்படி நடத்தினாலோ, 75-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் பராமரிப்பும் பாதுகாப்பும் ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தில் வேலை செய்பவரோ அதை நடத்துபவரோ செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். மனத் துன்பம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தழும்பு இருந்தால்தான் புகார் என்பதில்லை.

இருட்டறையில் தனியே விடுவது, வாயில் பிளாஸ்திரி ஒட்டுவது, வாந்தி வரும்வரை ஊட்டுவது, நிறத்தையும் திக்கலையும் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் நெறி மீறலே. மணிக்கட்டு எலும்புகள் முழுதாக உருவாகாத வயதில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதும் அப்படித்தான். இதில் நமக்கும் பங்குண்டு. "ஏன் மிஸ் ஹோம்வொர்க் தரலை?" என்று கேட்பவர்கள் நாம்தானே. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் படங்களைப் பள்ளியின் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் சரியில்லை.

ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறை, 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. நாற்பது பிள்ளைகளை ஒரே மிஸ்ஸிடம் விட்டு, ஆயாம்மாவையும் மற்ற வகுப்புகளுக்கு இழுக்கும் நிர்வாகம்தான் முதல் தவற்றைச் செய்கிறது. சேர்க்கும்போதே கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பேர், கழிவறைக்கு யார் கூட்டிப்போவார், கல்வித் துறை அங்கீகாரம் இருக்கிறதா, ஊழியர்களைப் பற்றிக் காவல்துறையிடம் விசாரித்தார்களா?

சந்தேகம் வந்தால் "மிஸ் அடிச்சாங்களா?" என்று கேட்காதீர்கள். பதிலை நாமே குழந்தையின் வாயில் திணித்த மாதிரி ஆகிவிடும். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, நீதான் மிஸ் என்று சொல்லிவிட்டு விளையாடுங்கள். வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் குழந்தையே நடித்துக் காட்டும். அதன் சொற்களை அப்படியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். காயம் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். பள்ளிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள். எங்கள் தெருப் பாட்டி அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். கேட்டபோதெல்லாம் கழிவறைக்கு விடுவது என்று அந்தப் பள்ளி முடிவெடுத்தது. பள்ளி மழுப்பினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, மாநில ஆணையம் என்று மேலே போகலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் குழந்தையின் பெயரையோ படத்தையோ போட்டுவிடாதீர்கள்.

பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால் பள்ளியின் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. போக்சோ சட்டத்தின்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தன் ஊழியர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. குழந்தையைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை; வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும்.

வழக்கு என்றால் செலவாகுமே என்று பின்வாங்க வேண்டாம். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100.