கதியாலும் காணி எல்லையும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் மாரி தொடங்குவதற்கு முன்னர் வளவின் எல்லையில் கதியால் நடுவது நெடுங்கால வழக்கம். செவ்வரத்தையையும் குறோட்டனையும் தண்டு முறித்து முற்றத்தில் நடுவதும், கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கிளைகளை வேலியாக ஊன்றுவதும் அடிப்படையில் ஒரே செயலே. விதை வேண்டாம், நாற்றுமேடை வேண்டாம். அயலவர் வேலியில் வெட்டி ஒதுக்கும் கிளையே போதும். ஆயினும் நட்டவை பட்டுப்போகும்போது மண்ணையும் மழையையும் நொந்துகொள்வோரே அதிகம்.

வெட்டிய கிளைக்கு வேர் எங்கிருந்து வருகின்றது? பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய படையின் கலங்கள், காயம்பட்டபின் மீண்டும் பிரிந்து வேராக மாறும் ஆற்றல் கொண்டவை. மொட்டிலும் இளம் இலையிலும் உருவாகும் ஒட்சின் எனும் ஓமோன் கீழிறங்கி அடிவெட்டில் சேர்வதே அதனைத் தூண்டுகின்றது. தலைகீழாக நட்ட கதியால் பெரும்பாலும் பிழைக்காததற்கு இதுவே காரணம். அடிப்பட்டை நசுங்கினாலோ உரிந்தாலோ வேருக்கான இடமே அழிந்துவிடுகின்றது. ஆகவே கதியாலை அடித்து இறக்குவது தகாது. அலவாங்கினால் குழியிட்டு, கிளையை இறக்கி, மண்ணை இறுக்க வேண்டும். மேல்வெட்டு மழைநீர் தங்காதவாறு சரிவாக இருத்தல் நன்று.

துளிர் கண்டவுடன் மகிழ்ந்துவிடவும் கூடாது. கிளையில் சேமிக்கப்பட்டுள்ள மாப்பொருளைக் கொண்டே முதல் இலைகள் விரிகின்றன. வேர் வந்ததற்கு அவை சான்றல்ல. அவ்வேளையில் கதியாலை அசைத்துப் பார்ப்பதும், ஆட்டைக் கட்டுவதும், அதில் முட்கம்பியை இழுத்து அடிப்பதும் புதுவேரை அறுத்துவிடும்.

தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அறிவித்த சீமைக்கிளுவை விரைவாக வளரும். குழை பசளையாகும், ஆட்டுக்குத் தீனியுமாகும். எனினும் தடியிலிருந்து வளர்ந்த மரத்துக்கு விதையில் வளர்ந்ததைப் போன்ற ஆழமான ஆணிவேர் இல்லை. கடுங்காற்று வீசும் திறந்த வெளிகளில் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இவை வெறும் தோட்டக் குறிப்புகள் எனக் கருதுவதற்கில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அடங்குவர். 2009 இல் போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்ட தமிழ் மக்களில் இறுதித் தொகுதியினர் 2012 செப்டெம்பரிலேயே அங்கிருந்து வெளியேறினர். இரு சமூகத்தவரும் திரும்பியபோது பல வளவுகளில் வேலி இல்லை, வீடும் இல்லை. உறுதிகளும் போரில் தொலைந்திருந்தன. கிணற்றையும், தப்பிப் பிழைத்த பூவரசையும் கொண்டே எல்லையை ஊகிக்க வேண்டியிருந்தது.

பத்து ஆண்டுகள் தடையின்றி எதிருரிமையாக ஆண்டு அனுபவித்தவருக்குக் காணி உரித்தாகலாம் என்பது இந்நாட்டின் காலவிதிப்புச் சட்டம். போரினால் வழக்கிட இயலாதுபோனோருக்கு 2016 இல் கொண்டுவரப்பட்ட சிறப்பேற்பாட்டுச் சட்டம் வழங்கிய இரண்டாண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. ஆகவே இன்று எவ்விடத்தில் வேலி நடப்படுகின்றது என்பது பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பேசும் விடயமாகும். வேலியைப் புதுப்பிக்கும் சாட்டில் ஆண்டுக்கு ஒரு சாண் நகர்த்தும் கலை நம்மவருக்குப் புதிதன்று.

எனவே பழைய வேலியின் அடிக்கட்டைகளைப் பிடுங்கி எறிய வேண்டாம் என நாம் கேட்டுக்கொள்கின்றோம். எல்லைக்கு அவையும் சாட்சியாகும். புதிய கதியாலை அவற்றின் வரிசையிலேயே, அயலவரும் கிராம அலுவலரும் பார்த்திருக்க நடுவதும், நட்ட திகதியுடன் ஒளிப்படம் எடுத்து வைப்பதும் நன்று. எல்லையில் ஐயம் இருப்பின் நில அளவையாளரை அழைத்து அளந்தபின்னரே குழி தோண்ட வேண்டும்.