கடன் வாங்கிய கணக்கு

தேனி ஜில்லாவிலே, போடி மேற்கு மலையின் அடிவாரத்தில், பொட்டிபுரம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரை அடுத்த குன்றைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதற்கு மத்திய மந்திரிசபை 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் அனுமதி அளித்தது. மதிப்பிட்ட செலவு ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய். அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கிலே இதைப் பற்றிப் பேசாத திண்ணையில்லை, முழங்காத மேடையில்லை. ஆயினும் இவ்விவாதத்தில் எவர் குரல் முதலில் ஒலித்திருக்க வேண்டுமோ, அவர் குரல் மட்டும் நம் செவிக்கு எட்டவில்லை. இப்பள்ளத்தாக்கின் கலாசாலைகளில் பௌதிக சாஸ்திரம் பயிலும் வாலிபர்களையே குறிப்பிடுகிறோம்.

விஷயத்தைச் சுருக்கிச் சொல்வோம். நியூட்ரினோ என்பது மின்னேற்றம் அற்ற, மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மாத்திரம், நமது விரல் நகம் அளவான இடத்தை நொடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் ஊடுருவிச் செல்கின்றன, நாம் உணர்வதில்லை. பிற வானக் கதிர்களை வடிகட்டி இதை மட்டும் காண வேண்டுமாயின், எப்பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை சூழ வேண்டும். ஆகவேதான் மலையை நாடினர். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கமும், அதன் முடிவில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பும் வைப்பதென்பது திட்டம். இது நம் நாட்டுக்குப் புதிய துறையுமன்று. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதல் கண்ட இடங்களில் ஒன்று, 1965-ல், நமது கோலார் தங்கச் சுரங்கமே.

எதிர்த்தவர் சொன்னவையும் அற்பமானவை அல்ல. வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகள் என்னாகும்? ஊற்று நீர் வற்றுமோ? காட்டு விலங்கின் வழி அடைபடுமோ? கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டி, பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய சர்க்கார் மீண்டும் அனுமதி அளித்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, இத்திட்டம் வேண்டாமென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையே, சீன தேசத்தின் நிலத்தடி நியூட்ரினோக் கூடம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியும் விட்டது.

ஆய்வுக்கூடம் வர வேண்டும் என்றோ, கூடாது என்றோ இங்கு வாதாட நாம் முற்படவில்லை. நமது துக்கம் வேறு. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் பிறர் போட்ட கணக்கையே கடன் வாங்கிப் பேசினர். ஒரு சாரார் பம்பாய் விஞ்ஞானிகளின் கணக்கை ஒப்பித்தனர். மற்றொரு சாரார் வெளியூர்ப் பிரசங்கிகளின் கணக்கை ஒப்பித்தனர். வெடியின் அதிர்வு தூரத்தோடு எவ்வாறு தணியும் என்பதை நம் மண்ணிலேயே அளந்து சொன்ன மாணவன் எங்கே?

கலாசாலைகள் இல்லாமலில்லை. உத்தமபாளையத்தில் 1956-ல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இருக்கிறது. போடியிலும் தேனியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. குறை எந்த ஒரு கல்லூரியின் குறையுமன்று. நாடெங்கும் பௌதிகம் பயிலும் முறையின் குறை. மூன்று ஆண்டு, ஆறு பருவம். முன்னோர் எழுதிய குறிப்பை உருப்போடுகிறான். சோதனையின் விடை இன்னதென்று முன்பே அறிந்து, அதற்கேற்ப அளவுகளை ஏட்டில் எழுதி வைக்கிறான். ஊசலின் அலைவு நேரத்தைக் காண்பவன், தன் கடிகாரத்தில் எவ்வளவு பிழை இருக்கக் கூடும் என்று கேட்பதில்லை. ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டதைத் தாய் தந்தையருக்குத் தமிழில் சொல்லத் தெரிவதில்லை. தமிழ் வழியில் பயில்பவனோ, மேற்படிப்புக்குச் செல்லும் வாயிலில் மொழியால் மருண்டு நிற்கிறான். "இதைப் படித்து என்ன உத்தியோகம்?" என்னும் கேள்வி இருவரையும் துரத்துகிறது.

இப்பள்ளத்தாக்கைப் போன்ற சோதனைச்சாலை வேறெங்குண்டு? 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் நீர், மலையைத் துளைத்து வந்து, லோயர் கேம்ப்பில் குழாய்களின் வழியே விழுந்து மின்சாரமாகிறது. நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் விழுந்தால் 980 கிலோவாட் ஆற்றல் என்பது முதலாண்டு மாணவன் ஒரு வரியில் போடக் கூடிய கணக்கு. அதில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது, எஞ்சியது எங்கே போகிறது என்பதைக் கண்டால் அவன் பாதிப் பௌதிகம் கற்றவனாவான். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலையும், போடியின் ஏலக்காய் உலர்த்தும் அறையும் ஒவ்வொரு பாடம். கல்குவாரியில் வெடி வைக்கும் நாளில், அபாய எல்லைக்கு வெளியே வெவ்வேறு தூரத்தில் நின்று, கைப்பேசியில் அமைந்துள்ள முடுக்கமானியைக் கொண்டே அதிர்வை அளக்கலாம். பத்து முறை அளந்தவன் மேடையிலே எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

மலைக்கு அப்பால் வத்திராயிருப்பிலே பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலே பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், 1928-ல் ராமன் விளைவின் ஆராய்ச்சியில் ராமனுக்குத் துணை நின்றார். விஞ்ஞானத்தைத் தமிழிலும் எழுதினார். இம்மண்ணுக்கு அறிவுப் பஞ்சம் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே கலாசாலைகளுக்கு நாம் சொல்வது: சோதனை ஏட்டிலே பொய் எழுத இடங்கொடாதீர், ஆண்டுக்கு ஓர் ஆய்வையேனும் வகுப்பறைக்கு வெளியே நடத்தி, அதன் முடிவைத் தமிழில் கிராமத்தார் முன் படிக்கச் செய்க. சர்க்காருக்கு: பெருந்திட்டம் எதுவாயினும், அதன் அளவுகளையும் கணக்குகளையும் தமிழில் வெளியிட்ட பின்னரே ஜனங்களின் கருத்தைக் கேளுங்கள். தேசத் தொண்டர்களுக்கு: கூட்டத்தைத் திரட்டுமுன் ஒரு பௌதிக மாணவனை அழைத்துக் கேளுங்கள்; அவன் "தெரியாது" என்றால், தெரிந்துகொண்டு வா என்று அனுப்புங்கள்.

தன் மலையை அளக்க அறியாத ஜனங்கள், அதைக் காப்பதற்கும் பிறரை நம்ப வேண்டும். கொடுப்பதற்கும் பிறரை நம்ப வேண்டும். இந்த அடிமைத்தனத்தைப் போக்கும் ஆயுதம் பொட்டிபுரத்துக் குன்றினுள்ளே இல்லை. நம் வாலிபரின் கையிலுள்ள அளவுகோலிலே இருக்கிறது.