ஆக்டேன் ஏறியாச்சு... மைலேஜ் ஏன் இறங்குது? பெட்ரோல் பிக்-அப் ஓட்டுபவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது

சேலம்:-

சேலம் லீ பஜார், செவ்வாய்பேட்டை பகுதியிலும் சரி, நாமக்கல், ராசிபுரம் மார்க்கெட்டிலும் சரி, லோடுக்காக காத்து நிற்கும் பெட்ரோல் பிக்-அப் வண்டி டிரைவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மைலேஜ் பக்கம் போய் விடுகிறது. "வண்டி முன்ன மாதிரி கிலோ மீட்டர் குடுக்க மாட்டேங்குது" என்பதுதான் புலம்பல். இன்னொரு பக்கம், "பெட்ரோலோட தரம் கூடிடுச்சு, ஆக்டேன் 95 ஆயிடுச்சு" என்கிறது மத்திய அரசு. தரம் கூடினால் மைலேஜும் கூடத்தானே வேண்டும்?

இங்கேதான் குழப்பம். இரண்டுமே உண்மை. ஏனென்றால் ஆக்டேன் வேறு, மைலேஜ் வேறு.

குட்டி யானைக்கு பெட்ரோல் என்ஜின்

'குட்டி யானை' என்று நம்மூரில் செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ், 2005-ம் ஆண்டு டீசல் வண்டியாகத்தான் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதிமுறை வந்த பிறகு, சின்ன டீசல் என்ஜினுக்கு புகை வடிகட்டும் கருவிகள் பொருத்தும் செலவு எகிறியது. அதனால் சிறிய சரக்கு வண்டிகளில் பெட்ரோல் என்ஜினுக்கு மவுசு வந்தது. டாடா ஏஸ் கோல்டு, மாருதி சூப்பர் கேரி எல்லாம் இப்போது பெட்ரோலில் ஓடுகின்றன.

பொலிரோ பிக்-அப், தோஸ்த் போன்ற டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆக்டேன் கவலையே வேண்டாம். டீசலுக்கு 'சீட்டேன்' என்று வேறு கணக்கு. பி.எஸ்.-6 டீசலில் அது குறைந்தது 51 இருக்க வேண்டும். டீசல் சீக்கிரம் பற்றிக் கொள்ள வேண்டும், பெட்ரோல் தானாக பற்றவே கூடாது. இரண்டும் நேர் எதிர்.

'டக் டக்' சத்தம் எங்கே இருந்து வருது?

பெட்ரோல் என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் நசுங்கி சூடாகும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடும். தீ ஒரு ஓரத்தில் ஆரம்பித்து சீராக பரவி பிஸ்டனை கீழே தள்ளும். இதுதான் முறை.

ஆனால் சூடும் அழுத்தமும் அளவுக்கு மீறினால், தீ வந்து சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் மிச்ச பெட்ரோல் தானாகவே வெடித்து விடும். சுத்தியலால் தட்டியது போல 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். தொடர்ந்து இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டை விழும், ஹெட் கேஸ்கெட் போகும். என்ஜின் வேலை என்றால் ஆயிரக்கணக்கில் செலவு, வண்டி நிற்கும் நாட்களுக்கு வாடகையும் போச்சு, டியூ மட்டும் நிற்காது.

இப்படி தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் சக்தியைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. 'ஐசோ ஆக்டேன்' என்ற பொருளுக்கு 100 மார்க், 'ஹெப்டேன்' என்ற பொருளுக்கு 0 மார்க் என்று வைத்து அளக்கிறார்கள். பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது.

ஈயம் போச்சு, எத்தனால் வந்தது

நாக்கிங்கை தடுக்க, பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையை 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அந்த ஈயம் குழந்தைகளின் மூளையை பாதிக்கும் என்று தெரிய வந்ததால் ஒவ்வொரு நாடாக கைவிட்டது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

இப்போது ஆக்டேனை ஏற்றி விடுவது எத்தனால். மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கப்படி எத்தனாலின் ஆக்டேன் 108.5, வெறும் பெட்ரோலுக்கு 84.4. ஒரு காலத்தில் 88 ஆக இருந்த ஆக்டேன், பிறகு 91 ஆகி, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலில் 95 ஆகி விட்டது.

அப்போ மைலேஜ்?

எரியும்போது கிடைக்கும் சக்தியை பார்த்தால் எத்தனால் நோஞ்சான். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும். அதனால் இ-20 பெட்ரோலில், எத்தனாலே கலக்காத பெட்ரோலை விட சுமார் 7 சதவீதம் சக்தி குறைவு. பழைய இ-10 பெட்ரோலோடு ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவீதம் குறைவு. நாக்கிங் குறைந்தாலும் கிலோ மீட்டர் குறைவதற்கு காரணம் இதுதான்.

2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலேயே, பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. இ-20-க்கு டியூன் செய்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம், மற்ற வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் குறையும் என்பது 2025-ல் அமைச்சகம் சொன்ன கணக்கு. பழைய சில வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் மாற்ற வேண்டி வரலாம் என்பதையும் அமைச்சகம் ஒப்புக்கொண்டது. இ-20-க்கு எதிரான பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்து விட்டது.

பிரீமியம் போட்டா லாபமா?

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் வண்டி மாதம் 2,000 கி.மீ. ஓடினால் 125 லிட்டர் செலவாகும். மைலேஜ் 4 சதவீதம் குறைந்தால் 5 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 500 ரூபாய் அடி.

இதற்கு பயந்து லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதலாக கொடுத்து '95' என்று எழுதிய பிரீமியம் பெட்ரோல் போட்டால், 125 லிட்டருக்கு 1,000 ரூபாய் கூடுதல். 500-ஐ பிடிக்க போய் 1,000-ஐ விட்ட கதைதான். 91 ஆக்டேன் போதும் என்று கம்பெனி சொன்ன என்ஜினுக்கு அதை விட அதிக ஆக்டேன் போட்டாலும் இழுவையும் கூடாது, மைலேஜும் கூடாது. உங்கள் வண்டிக்கு எது என்பது பெட்ரோல் மூடி ஸ்டிக்கரிலோ, வண்டியோடு கொடுத்த புத்தகத்திலோ இருக்கும். அதில் எழுதியதை விட குறைவாக போட்டால்தான் ஆபத்து.

மக்காச்சோளமும் இதில் இருக்கு

எத்தனால் கரும்பில் இருந்து மட்டும் வருவதில்லை. மக்காச்சோளத்தில் இருந்தும் வருகிறது. அந்த மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் முக்கிய தீவனம். ஏற்றுமதி செய்து வந்த இந்தியா, எத்தனால் தேவை எகிறியதால் 2024-ல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. முட்டை ஏற்றிச்செல்லும் வண்டியின் டேங்கும், முட்டை போடும் கோழியும் ஒரே சோளத்துக்கு போட்டி போடுகின்றன.

என்ன செய்யலாம்?

* காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் கொல்லிமலை ரோட்டிலோ, ஏற்காடு மலை ரோட்டிலோ லோடோடு ஏறும்போது டாப் கியரில் வண்டியை திணற விடக்கூடாது. 'டக் டக்' கேட்ட உடனே கியரை குறைக்க வேண்டும். ஓவர் லோடு கூடவே கூடாது.

* சமதள ரோட்டிலும் சத்தம் கேட்டால் பெட்ரோலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ரேடியேட்டர் கூலன்ட், ஸ்பார்க் பிளக், டைமிங், என்ஜினுக்குள் படிந்த கார்பன் இவற்றை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

* திடீரென்று ஒரு நாள் பெட்ரோல் போட்ட பிறகு சத்தம் வந்தால் கலப்படமாக இருக்கலாம். மண்எண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கி விடும். பங்கில் பில்டர் பேப்பர் சோதனை, 5 லிட்டர் அளவு சோதனை இரண்டையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

* எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்க் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் டேங்கை காலியாக விடக்கூடாது.

* மைலேஜை மீட்டரை பார்த்து சொல்லக்கூடாது. ஒரே பங்கில் டேங்க் புல் செய்து, ஓடி, மறுபடியும் டேங்க் புல் செய்து, ஓடிய கிலோ மீட்டரை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று தடவை பார்த்தால்தான் சரியான கணக்கு.

அந்த கணக்கில் 3 முதல் 6 சதவீதம் வரை குறைந்திருந்தால் அது எத்தனால். 10, 15 சதவீதம் என்று இறங்கி இருந்தால் அது எத்தனால் மட்டும் இல்லை. டயர் காற்று, ஏர் பில்டர், பிரேக் பிடிமானம் என்று வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது. பங்கில் சண்டை போடுவதை விட பட்டறைக்கு போவதே நல்லது.