கணையப் புற்றும் புரதத்தின் சான்றும்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடப்பது கணையம். நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இதில் புற்று தோன்றின் எளிதில் வெளிப்படுவதில்லை. வெளிப்படும்போது, பெரும்பாலோர்க்கு அறுவை செய்யும் நிலை கடந்திருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டில் இந்நோய் கண்டோருள் ஐந்தாண்டு வாழ்வோர் நூற்றுக்குப் 13 பேரே.

ஆயினும், ஒத்த அளவுள்ள கட்டியை அகற்றி, ஒரே மருந்தைக் கொடுத்த இருவருள் ஒருவர் ஓராண்டில் மறைகிறார். மற்றவர் பல்லாண்டு வாழ்கிறார். இதன் காரணம் கட்டியின் திசுவிலேயே பொதிந்திருக்குமோ? அதை அறிய, திசுவை மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனத்தில் சீவுகின்றனர். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுகின்றனர். எதிர்ப்பொருளோடு பிணைத்த நொதி, நிறமற்ற ஒரு வேதிப்பொருளைப் பழுப்பாக்கிப் புரதம் உள்ள இடத்தைக் காட்டிவிடும். எதிர்ப்பொருளுக்குச் சாயம் பிணைக்கும் வழியை 1941இல் ஹார்வர்டில் காட்டியவர் ஆல்பர்ட் கூன்ஸ்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர்கள் 1996இல் கண்ட டிபிசி4 என்னும் மரபணு, உயிரணுவின் பெருக்கத்துக்குக் கடிவாளம் போன்ற ஒரு புரதத்தை ஆக்குவது. கணையப் புற்றுகளுள் ஏறத்தாழப் பாதியில் அது அழிந்துபோகிறது. நோயால் இறந்த 76 பேரின் உடல்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: உடலெங்கும் பரவிய புற்றுகளில் அப்புரதம் பெரும்பாலும் இல்லை, தோன்றிய இடத்திலேயே நின்று அழித்தவற்றில் பெரும்பாலும் இருந்தது.

நோயின் போக்கை உரைப்பது ஒன்று. எந்த மருந்து பயன்தரும் என உரைப்பது வேறொன்று. பின்னதே நோயாளிக்குப் பெரிதும் உதவுவது என்பேன். ஜெம்சிடபைன் என்னும் மருந்து நீரில் கரைவது. உயிரணுவின் கொழுப்புச் சவ்வை அது தானே கடக்க இயலாது. எச்என்ட்1 என்னும் புரதமே அதற்கு வாயில். வாயில் இல்லையேல் மருந்து தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்! ஐரோப்பியர் நடத்திய ஒரு பெரும் சோதனையின் திசுக்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். அறுவைக்குப்பின் ஜெம்சிடபைன் பெற்றவர்களுள், இப்புரதம் மிகுந்தோரின் இடைநிலை வாழ்நாள் 26.2 மாதம், குறைந்தோர்க்கு 17.1 மாதம். புளோரோயுராசில் என்னும் வேறு மருந்து பெற்றோரிடம் இத்தகைய பயன் காணப்படவில்லை.

அப்படியானால் திசுவைப் பார்த்தே மருந்தைத் தேர்ந்துவிடலாமன்றோ? அவ்வளவு எளிதன்று. புற்றுப் பரவிய நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இவ்வேற்றுமை தோன்றவேயில்லை. இரு ஆய்வுகளிலும் பயன்படுத்திய எதிர்ப்பொருள்கள் வேறுவேறு. ஒன்று பழுப்பாக்கிய திசுவை மற்றொன்றும் அவ்வாறே காட்டும் என்னும் உறுதி இல்லை. மேலும், கணையப் புற்றில் நாரிழைகளே மிகுதி; புற்றணுக்கள் அவற்றிடையே சிதறிக் கிடக்கும். ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கில் அவை சிலவே அகப்படும்.