கணக்கில் ஒளியும் களவு

சுவா வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களில் சிலர் கணக்கியல் படிக்கிறார்கள். அந்தப் படிப்பில் ‘தடயக் கணக்கியல்’ என்று ஒரு பாடம் உண்டு. தடயம் என்பது போலீஸ்காரர் தேடுவதல்லவா, கணக்குப் புத்தகத்துக்குள் அதற்கு என்ன வேலை என்று பெற்றோர் கேட்கலாம். அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

வழக்கமாகக் கணக்கைத் தணிக்கை செய்பவர், கூட்டல் சரியா, செலவுக்கு ரசீது உண்டா என்று பார்ப்பார். தடயக் கணக்காளர் அதோடு நிற்க மாட்டார். அந்த ரசீதே பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. கடைசியில் அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கும் தாங்க வேண்டும்.

நமக்குப் பழகிய ஒன்றை வைத்து இதை விளங்கிக் கொள்வோம். நம் பகுதியில் ரப்பர் நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. ஆனாலும் பால் நிறுத்த கதை பெரியவர்களுக்கு மறந்திருக்காது. ஒருவர் 20 கிலோ பால் கொண்டு வருகிறார். அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு 33 பங்கு என்றால், அவர் கணக்கில் 6.6 கிலோ ஏற வேண்டும். எழுதுகிறவர் 33-ஐ 30 என்று போட்டுவிட்டால் ஏறுவது 6 கிலோதான். ஒரு நாளுக்கு 600 கிராம் யார் கண்ணுக்கும் படாது. 25 நாளில் அது 15 கிலோ. நாற்பது பேருக்கு இப்படி நடந்தால் மாதம் 600 கிலோ.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தை மட்டும் எத்தனை முறை கூட்டினாலும் விடை வராது, ஏனென்றால் புத்தகத்தின் கூட்டல் சரியாகவே இருக்கும். தொழிற்சாலையில் காய்ந்து வந்த ரப்பரை நிறுத்துப் பார்க்க வேண்டும். அங்கே 600 கிலோ கூடுதலாக நிற்கும். இல்லையென்றால் அதை யாரோ வெளியே விற்றிருக்க வேண்டும். விற்றிருந்தால் ஏற்றிப்போன லாரி ஒன்றும் வாங்கிய கடை ஒன்றும் இருக்கும். ஒருவர் எழுதியதை, அவர் கை படாத இன்னொரு கணக்கோடு ஒட்டிப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் உயிர்.

செக்ரோலில் ஆள் இல்லாத பெயர் நிற்பதும் இதே வகை. வேலையை விட்டுப் போனவர் பெயரில் மாதாமாதம் சம்பளம் போய்க்கொண்டிருக்கும். மாணவர்கள் அந்தப் பட்டியலைச் சேமநிதிப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு பெயருக்கு ஒரே வங்கிக் கணக்கு எண் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஒரு நாளும் லீவு எடுக்காத குமாஸ்தாவையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நமக்கு அவர் உழைப்பாளியாகத் தெரிவார். ஆனால் தன் மேசையில் வேறொருவர் உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து வருகிறவரும் உண்டு.

நல்லவர் என்று பெயரெடுத்தவர் ஏன் கை வைக்கிறார்? அமெரிக்க அறிஞர் டொனால்ட் கிரெஸ்ஸி, பணத்தைக் கையாடிச் சிறைக்கு வந்தவர்களையே சந்தித்துப் பேசி, 1953-இல் ஒரு நூல் வெளியிட்டார். வெளியில் சொல்ல முடியாத பணமுடை, பிடிபடாமல் எடுக்க வாய்ப்பு, “கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்” என்று மனத்துக்குச் சொல்லும் சமாதானம், இந்த மூன்றும் அவர்கள் கதையில் சேர்ந்து வந்தன. பிறருடைய பணமுடையை ஓர் அலுவலகத்தால் தீர்க்க முடியாது. மனச்சமாதானத்தை எட்டிப் பார்க்கவும் முடியாது. வாய்ப்பை மட்டும் குறைக்கலாம். நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், சம்பளம் கொடுப்பவர் வேறொருவர் என்று வைத்தாலே பாதித் திருட்டு நின்றுவிடும் என்பது நம் எண்ணம்.

இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனதால் நம் நாடு பட்ட பாட்டை 1986-ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு ஜூலையில் கோசாத்து என்ற கூட்டுறவுச் சங்கம் நிலைகுலைந்தது. ஆகஸ்டில் பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களின் நடவடிக்கைகளை முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு அவற்றில் மாட்டிக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள். நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கும் அவர்களைச் சேர்ந்த நிறுவனங்களுக்கும் கடன் போயிருந்தது. பங்குச் சந்தையிலும் நிலத்திலும் பணம் முடங்கியிருந்தது. கடன் கேட்பவரும் கடனுக்கு ஒப்புதல் தருபவரும் ஒருவரே ஆனால் யார் தடுப்பது? இதைக் கேட்டுக் கூட்டுறவு என்றாலே மோசம் என்று எண்ணிவிட வேண்டாம். துன் சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் சிறு தவணையாகக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது.

இந்தத் தொழில் சில வேளை உயிரையும் கேட்கும். பேங்க் பூமிபுத்ராவுக்கு ஹாங்காங்கில் ஒரு துணை நிறுவனம் இருந்தது. அது காரியன் என்ற ஒரே குழுமத்துக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுத்துச் சிக்கியது. கணக்கைப் பார்க்க இங்கிருந்து அனுப்பப்பட்ட ஜாலில் இப்ராகிம் என்ற அதிகாரி 1983 ஜூலையில் அங்கே கொலை செய்யப்பட்டார். உடல் ஒரு வாழைத்தோப்பில் கிடந்தது. நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் அகமது நோர்டின் தலைமையில் அமைந்த குழு அந்தக் கடன்களை ஏடு ஏடாக ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1986-இல் மக்கள் பார்வைக்கு வந்தது.

கல்லூரியில் எண்களின் சுபாவத்தையும் கற்பிக்கிறார்கள். இயல்பாகச் சேர்ந்த பெரிய கணக்குகள் பலவற்றில், 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் தொகைகள் நூற்றுக்கு 30 வரை இருக்கும். 9-இல் தொடங்குபவை ஐந்துக்கும் குறைவு. மனத்தில் தோன்றியபடி எண்களை எழுதுகிறவருக்கு இது தெரியாததால் மாட்டிக்கொள்வார். ஆனால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவாக வரும் சம்பளப் பட்டியலில் இந்த வழி பலிக்காது. ஒரு கருவி எங்கே உதவாது என்று தெரிந்திருப்பதும் படிப்புத்தான்.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்காக நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளி சேமநிதிக்குப் பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13, அதாவது 221 வெள்ளி சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 408. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அது சேமநிதி வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டு, வாரியத்தில் கட்டாமல் விடுவது குற்றம். சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. சேமநிதி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் அதைத் திறந்து காட்டப் பள்ளிப் பிள்ளை போதும்.

ஒரு மாதம் விடுபட்டிருந்தால் உடனே யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். தாமதமாகவும் இருக்கலாம், எண் மாறியும் போயிருக்கலாம். முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் சேமநிதி அலுவலகத்துக்குப் போங்கள். சம்பளத்தில் பிடித்தம் தவறென்றால் தொழில் இலாகாவுக்குப் போகலாம், தொழிற்சங்கமும் துணைக்கு வரும். மூலச் சீட்டுகளில் எதையும் எழுதவோ திருத்தவோ வேண்டாம். நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டில் வையுங்கள். எந்த மாதம், சீட்டில் எவ்வளவு, சேமநிதியில் எவ்வளவு என்று மூன்று பத்தியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அதிகாரி அந்த மாதத்துப் பதிவை நேராகத் திறந்து பார்க்கலாம்.